ஸ்னாப்சீட் போதுமா, போட்டோஷாப் வேண்டுமா? போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் முறை

எடிட் செய்த படம் எங்கே போய் முடியப்போகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா, வேலை விண்ணப்பத்துக்கான 50 கேபி போட்டோவா, 4×6 பிரிண்டா, 12×36 கல்யாண ஆல்பமா, மண்டப வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸா? இது தெளிவானாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். தொடக்கநிலை, புரொஃபஷனல் என்ற பெயர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் இரண்டு பக்கமும் ஏமாற்றம்தான். ஆயிரம் படத்தை போனில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவதற்காக மாதாமாதம் போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டுபவர்களும் உண்டு.

அதே தாளில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: மாதத்துக்கு எத்தனை படம்? இந்த எண்தான் பலர் கவனிக்காமல் விடுவது.

எளிய சாஃப்ட்வேரே போதும் என்கிற வேலைகள்

வெளிச்சம் கூட்டுவது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது, முகப்பருவை எடுப்பது, மேலே ஒரு வரி எழுதுவது. மாதம் முப்பது, நாற்பது படங்களுக்கு இவ்வளவுதான் தேவை என்றால் போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் தாராளமாகப் போதும். அதில் வெளிச்சத்தை வளைகோட்டில் சரிசெய்யும் கர்வ்ஸ் இருக்கிறது, படத்தின் மஞ்சள், நீலச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் இருக்கிறது, ஒரு புள்ளியைத் தொட்டு அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் செலக்டிவ் இருக்கிறது. எளிய ஆப் என்று ஒதுக்கிவிட முடியாத கருவி அது.

விண்ணப்பப் போட்டோவுக்கு வேண்டியது அளவுக் கணக்கு. 35×45 மில்லிமீட்டர் படம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல். 4×6 அங்குலத் தாளில் இது சரியாக 8 வரும்: 6 அங்குலப் பக்கத்தில் நான்கு, இரண்டு வரிசை. வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் வழக்கமாகக் கேட்பது 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கேபி அளவைப் பிடிக்க, கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் வசதியானது. ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரிவ்யூவை டிக் செய்தால், குவாலிட்டி ஸ்லைடரை நகர்த்த நகர்த்த ஃபைல் அளவு திரையிலேயே மாறும். முதலில் பிக்சலைக் குறையுங்கள், அப்புறம் குவாலிட்டியைக் குறையுங்கள். வரிசையை மாற்றி, 4000 பிக்சல் படத்தை குவாலிட்டியை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் அடக்கப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு அதுவே காரணமாகிவிடலாம்.

ஐந்து படமா, ஆயிரம் படமா

ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் மெமரி கார்டில் ஆயிரத்துக்கு மேல் பிரேம் இருக்கும். படத்துக்கு ஒரு நிமிடம் என்றாலே 1,500 படத்துக்கு 25 மணி நேரம். இந்த வேலைக்குப் போட்டோஷாப்பை வாங்கினால் தவறான கருவியை வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். புரொஃபஷனல் சாஃப்ட்வேர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வகை.

ஒன்று, படங்களை மொத்தமாகக் கழிக்கவும் கழுவவும் உள்ள வகை: லைட்ரூம் கிளாசிக், கேப்சர் ஒன், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி. மற்றது, ஒரு படத்துக்குள் இறங்கிப் பிக்சல் பிக்சலாக வேலை செய்யும் வகை: போட்டோஷாப், அஃபினிட்டி, கிம்ப். லைட்ரூமில் வேலை ஓடும் விதமே வேறு. வேண்டிய படத்துக்கு பி, வேண்டாததற்கு எக்ஸ் என்று தட்டிக்கொண்டே போய் முதலில் கழித்துவிடுவீர்கள். ஒரே விளக்கு வெளிச்சத்தில் எடுத்த 80 படங்களில் ஒன்றைச் சரிசெய்து, மீதி 79-க்கும் அதே திருத்தத்தைப் போடும் சிங்க் கொடுப்பீர்கள். பிறகு முகம் மறைந்தது, கண் மூடியது போன்றவற்றை மட்டும் தனியாகப் பார்ப்பீர்கள். போட்டோஷாப்புக்குப் போக வேண்டியது ஆல்பத்தில் பெரிதாக வரும் பத்து, இருபது படம்தான்.

லைட்ரூம் என்ற பெயரில் இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். லைட்ரூம் கிளாசிக் படங்களை உங்கள் ஹார்டு டிஸ்கிலேயே வைத்துக்கொண்டு, செய்த திருத்தங்களை கேட்டலாக் என்ற கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறது. வெறும் லைட்ரூம் என்பது கிளவுடை மையமாக வைத்தது. ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிவுசெய்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் ஃபைல்) சேரும் இடத்தில், வீட்டு இன்டர்நெட்டில் அதை ஏற்றி முடிப்பதற்குள் ஆல்பம் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிடும். கல்யாண வேலைக்கு கிளாசிக்தான்.

கிளாசிக்கில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, இறக்குமதி செய்த ஃபோல்டரை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் போய் வேறு டிரைவுக்கு மாற்றுவது. கேட்டலாக்குக்கு அது தெரியாது. படங்கள் எல்லாம் காணவில்லை என்று காட்டும். பதற வேண்டாம், ஃபோல்டர் பெயரில் ரைட் கிளிக் செய்து ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டினால் திருத்தங்களோடு திரும்பி வரும். இனிமேல் மாற்றுவதாக இருந்தால் லைட்ரூமுக்குள்ளேயே இழுத்துப் போடுங்கள்.

ரா ஃபைல் எடுக்கிறீர்களா?

எளிய சாஃப்ட்வேரின் எல்லை தெரிவது இங்கேதான். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகளைத்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். நன்றாக வெளிச்சம் விழுந்த படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இருட்டில் எடுத்ததை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கும்போது தெரியும். ஜேபெக்கின் இருண்ட பகுதியில் இருக்கும் கொஞ்சம் படிகளை இழுத்து அகலமாகப் பரப்புவதால் இடையில் ஓட்டை விழுகிறது. வானம் பட்டை பட்டையாகிறது, கறுப்பு முடி பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகிறது.

ஒயிட் பேலன்ஸும் அப்படியே. மேலே மண்டபத்தின் மஞ்சள் விளக்கு, எதிரே வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி. பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ரா ஃபைலில் நிறம் இன்னும் முடிவாகவில்லை என்பதால் முழுப் படத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, மீதியை மாஸ்க் போட்டு, அதாவது திருத்தம் விழ வேண்டிய இடத்தை மட்டும் குறித்து, சரிசெய்யலாம். ஜேபெக்கில் கேமரா ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. அதற்கு மேல் வர்ணம் பூசுவதுதான் நம்மால் முடியும். லைட்ரூமிலேயே இதைப் பார்க்கலாம். ரா படத்தில் டெம்ப் ஸ்லைடர் 3200, 5500 என்று கெல்வினில் காட்டும். ஜேபெக்கைத் திறந்தால் மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை என்று மாறிவிடும்.

ரா எடுப்பதாக இருந்தால் வாங்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: உங்கள் கேமராவின் ரா ஃபைலை அந்தப் பதிப்பு திறக்கிறதா? புது கேமரா, பழைய சாஃப்ட்வேர் என்ற சேர்க்கையில் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிக்கொண்டால் பழைய போட்டோஷாப்பிலும் திறக்கும். கிம்ப் தானாக ராவைத் திறக்காது. பக்கத்தில் டார்க்டேபிள் அல்லது ராதெரபி இருந்தால் அதன் வழியாக வாங்கிக்கொள்ளும்.

அரக்குப் பட்டும் மாநிற முகமும்

நம் கல்யாணப் படங்களில் அதிகம் கெட்டுப்போவது முகூர்த்தப் புடவையின் சிவப்பு. படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் நடுவில் அழகாக நிற்கும். புடவையோ மடிப்பும் நெசவும் தெரியாமல் ஒரே சிவப்புத் தகடாக இருக்கும். காரணம், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களில் சிவப்பு சேனல் மட்டும் உச்ச அளவான 255-ல் போய் முட்டியிருப்பது. பச்சையும் நீலமும் கீழே இருப்பதால் மொத்த வெளிச்சக் கணக்கில் அது வெளியே தெரியாது. ஆகவே சாம்பல் நிறத்தில் ஒரே ஹிஸ்டோகிராம் காட்டும் சாஃப்ட்வேர் இந்த வேலைக்கு ஆகாது. மூன்று சேனலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சிவப்பின் செறிவை மட்டும் குறைக்கும் ஸ்லைடர் வேண்டும். ராவில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்கி, சிவப்பின் சாச்சுரேஷனை 10, 15 குறைத்துப் பாருங்கள். பல படங்களில் ஜரிகையின் கோடு திரும்ப எழுந்து வரும்.

முகத்துக்கு வருவோம். போன் ஆப்களின் பியூட்டி பட்டனும் பல சாஃப்ட்வேர்களின் ஆட்டோ பட்டனும் மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைக்கின்றன. இருண்ட முகத்தை எக்ஸ்போஷர் குறைந்த படம் என்று கணக்குப் போடுவது ஒரு காரணம். வெளுப்பே அழகு என்று அந்த ஃபில்டரை அமைத்திருப்பது இன்னொரு காரணம். ஒருவருடைய நிறத்தை மாற்றிக் கொடுப்பது அவருடைய படத்தைக் கெடுப்பதுதான். எனவே மென்மை, வெளுப்பு, வெளிச்சம் மூன்றும் தனித்தனி ஸ்லைடராக இருக்கிறதா, வெளுப்பைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஆப்பை முகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

லேயரும் மாஸ்க்கும் எப்போது தேவை

குடும்பப் படத்தில் எல்லாரும் நன்றாக இருக்க, பாட்டி மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். அடுத்த பிரேமில் பாட்டியின் கண் திறந்திருக்கிறது, பேரன் திரும்பிவிட்டான். இரண்டையும் சேர்க்க, ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கும் லேயர் இல்லாமல் முடியாது. இரண்டு பிரேமையும் ஒரே ஃபைலில் லேயராக அடுக்குங்கள். இரண்டையும் செலக்ட் செய்து ஆட்டோ அலைன் கொடுங்கள். கையில் பிடித்து எடுத்த படங்கள் சில பிக்சலாவது நகர்ந்திருக்கும். பாட்டியின் கண் திறந்த பிரேம் மேலே இருக்கட்டும், அதற்குக் கறுப்பு மாஸ்க் போடுங்கள். அது முழுக்க மறைந்துவிடும். ஓரம் மென்மையான பிரஷ்ஷை வெள்ளையாக்கி முகத்தின் மேல் மட்டும் தேயுங்கள். கழுத்துச் சங்கிலியிலோ காதோரத்திலோ கோடு இரட்டையாகத் தெரிந்தால் கறுப்புக்கு மாறித் திரும்பத் தேய்த்துவிடலாம். மாஸ்க்கின் பெருமையே இந்தத் திரும்புதல்தான். அழிப்பான் கொண்டு அழித்துவிட்டால் போனது போனதுதான்.

இந்த மாதிரி வேலை மாதம் இரண்டு, மூன்று முறைதான் வருகிறதென்றால் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ, போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், லேயர், மாஸ்க் எல்லாம் அதில் உண்டு.

தமிழில் எழுத்து வருமா?

பத்திரிகை, பேனர், ஆல்பத்தின் முதல் பக்கம் என்று எழுத்து வேலை இருந்தால், இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த சாஃப்ட்வேருக்கும் பணம் கட்டாதீர்கள். யூனிகோடில் “ஸ்ரீ”, “கொண்டாட்டம்”, “சௌந்தர்யா” என்று மூன்று சொல் அடியுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ, ஸ்ரீ துண்டாகப் பிரிந்தாலோ அந்த சாஃப்ட்வேரின் எழுத்து இயந்திரத்துக்குத் தமிழின் கட்டமைப்பு தெரியவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

போட்டோஷாப்பில் இப்படி உடைந்தால் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் பழைய பதிப்புகளில் இதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன். மூடித் திறந்து, புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயரில் அடித்துப் பாருங்கள். பழைய லேயர் தானாக மாறாது. அதைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் அதே பெயரைக் கொடுக்க வேண்டும். கிம்பில் தமிழ் நேராகவே சரியாக வரும். அஃபினிட்டியின் முதல் இரண்டு பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக உட்காராது. இப்போதைய பதிப்பை அடித்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த பிஎஸ்டி டெம்பிளேட்கள் இன்னும் ஸ்டுடியோக்களில் புழங்குகின்றன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். லேபுக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்து லேயரை ராஸ்டரைஸ் செய்து படமாக்கிவிடுங்கள், அல்லது ஜேபெக்காகவே அனுப்புங்கள்.

பிரிண்டுக்குப் போகும் படம்

போட்டோ லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அளவுகோல், 300 டிபிஐ, உச்ச குவாலிட்டி ஜேபெக் என்றால் பெரும்பாலும் போதும். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் அனுப்பிய படம், அதைக் கவனிக்காத லேபில் வெளிறிப்போய் வரும். இந்த அளவுக்கு எளிய சாஃப்ட்வேரே தாங்கும். ஆஃப்செட் அச்சுக்கு சிஎம்ஒய்கே (நான்கு மை நிற முறை) கேட்டால் கதை வேறு. போட்டோஷாப், அஃபினிட்டி இரண்டிலும் அந்த முறையிலேயே வேலை செய்யலாம். போட்டோஷாப்பின் எளிய வடிவமான போட்டோஷாப் எலிமென்ட்ஸில் அது கிடையாது. கிம்ப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில்தான் வேலை செய்யும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு எக்ஸ்போர்ட் செய்யும்போது சிஎம்ஒய்கேவாக மாற்றித் தருகிறது.

ஃபிளெக்ஸுக்கு 300 டிபிஐ தேவையே இல்லை. 10×8 அடி பேனர் 72 டிபிஐயில் 8640×6912 பிக்சல். தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும். அடிக்கிற கடையில் எந்த ஃபார்மட் வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு ஃபைலைத் தொடங்குங்கள்.

பிரிண்ட் எப்போதும் இருட்டாக வருகிறதா? பெரும்பாலும் குற்றம் சாஃப்ட்வேரில் இல்லை. மானிட்டரின் வெளிச்சம் உச்சத்தில் இருப்பதால் நீங்கள்தான் படத்தை இருட்டாக்கி அனுப்பியிருப்பீர்கள்.

கம்ப்யூட்டர் தாங்குமா, பை தாங்குமா

24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் ஒரு லேயருக்கு 144 எம்பி. 12×36 ஆல்பம் ஷீட் 300 டிபிஐயில் 3600×10800, அதாவது கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். அதன் மேல் பத்துப் படத்தை அடுக்கினால் 8 ஜிபி ரேம் திணறும். 16 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாத கம்ப்யூட்டரில் புரொஃபஷனல் சாஃப்ட்வேரைப் போடும் முன், அந்தப் பணத்தில் ரேம் வாங்குவது புத்திசாலித்தனம்.

அடோபி 2013-ல் சந்தா முறைக்கு மாறியது. ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் போட்டோஷாப் சிஎஸ்6-ஓடு முடிந்தது. சேரும்போது இரண்டு விஷயத்தைப் படியுங்கள். மாதாமாதம் கட்டும் திட்டங்களில் பல, ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் நிறுத்தினால் அதற்கும் கட்டணம் உண்டு. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைத் தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். போட்டோஷாப் எலிமென்ட்ஸ் ஒரே தடவை வாங்குவதாக இருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதற்கும் மூன்று ஆண்டுதான் ஆயுள். அஃபினிட்டியை 2024-ல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு மட்டும் வேண்டும்.

கிராக் செய்த பதிப்பை மட்டும் போடாதீர்கள். அது கேட்கும் முதல் காரியமே ஆன்டிவைரஸை நிறுத்துவது. அதே கம்ப்யூட்டரில்தான் யாரோ ஒரு குடும்பத்தின் திரும்ப எடுக்க முடியாத படங்கள் இருக்கின்றன.

ஒரு மணி நேரச் சோதனை

டிரையல் பதிப்பை இறக்கி, உங்கள் சொந்தப் படங்களில் இவற்றைச் செய்யுங்கள். சாம்பிள் படங்கள் எதையும் காட்டிக்கொடுக்காது.

1. இருட்டில் எடுத்த ஒரு ரா படத்தை இரண்டு ஸ்டாப் தூக்கி, 100 சதவீதத்தில் முடியைப் பாருங்கள்.
2. ஒரே இடத்தில் எடுத்த 50 படத்துக்கு ஒரே திருத்தத்தைப் போட்டு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.
3. மேலே சொன்ன மூன்று தமிழ்ச் சொற்களை அடியுங்கள்.
4. சேமித்து மூடுங்கள். மறுநாள் திறந்து, நேற்று செய்த நிறத் திருத்தத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். முடியவில்லை என்றால் அந்த சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் வேலை செய்ய முடியாது. கொஞ்சம் மாற்றிக் கொடுங்க என்று கேட்காத வாடிக்கையாளரே கிடையாது.

மாதம் ஐம்பது ஜேபெக்குக்குள் என்றால் ஸ்னாப்சீட், எப்போதாவது லேயருக்குப் போட்டோபீ. ரா எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள், செலவழிக்க மனமில்லை என்றால் டார்க்டேபிளும் கிம்பும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடிக்கும், ஆனால் அந்த ஒரு மாதத்தில் கற்றது எந்த சாஃப்ட்வேருக்குப் போனாலும் கூடவே வரும். கல்யாண ஆர்டர் கையில் இருக்கிறது, லேப்காரர், டிசைனர் எல்லாரும் பிஎஸ்டியில்தான் பேசுகிறார்கள் என்றால் லைட்ரூம் கிளாசிக்கும் போட்டோஷாப்பும் சேர்ந்த போட்டோகிராஃபி திட்டம்தான் நேரத்தை மிச்சப்படுத்தும். ஸ்டுடியோவில் கேமராவைக் கேபிளில் இணைத்து எடுப்பவர்கள் கேப்சர் ஒன்னையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு காரியம் செய்துவையுங்கள். லைட்ரூம் கிளாசிக் என்றால் கேட்டலாக் செட்டிங்ஸில், படத்தோடு சேர்ந்திருக்கும் குறிப்பான எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதியை ஆன் செய்யுங்கள். பின்னாளில் வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் ஸ்டார் ரேட்டிங்கும் கீவேர்டும் அதன் மூலம் கூட வரும். நிறத் திருத்தங்கள் அப்படியே வராது, அதனால் கொடுத்து முடித்த படங்களை முழு அளவில், தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ரா ஃபைலோடு சேர்த்து இன்னொரு டிஸ்கில் வைத்துவிடுங்கள்.